நகைக்கடன் கவுன்ட்டரில் சிரிக்கிறவர்கள்

நகையை அடகு வைக்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். திருப்ப வருகிறவர்கள் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்பார்கள். வடசென்னையில் ஒரு வங்கிக் கிளையின் நகைக்கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து பார்த்ததில் இது மட்டும் மாறவே இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குத்தான் குழப்பம். "தலைகீழா இல்ல இருக்கணும் மேடம்?" என்பார்கள்.

திருப்புகிறவர்களின் கடுகடுப்புக்குக் காரணம் எளிது. அவர்கள் சரிபார்க்கிறார்கள். சங்கிலியின் கொக்கி, தோட்டில் பதித்த கல், வளையலில் இருந்த பழைய நெளிசல் எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு பையன் தன் அம்மாவின் வளையல்களை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இவர் ஏதோ சண்டை போடத்தான் போறார்" என்று எங்கள் புது கிளார்க் என் காதில் கிசுகிசுத்தார். பையன் பார்த்து முடித்தான், பையில் போட்டான், "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான். லிசா ஃபெல்ட்மன் பாரெட் என்ற உளவியலாளர் வேறு சிலருடன் சேர்ந்து, முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்ல முடியுமா என்பது பற்றிய ஆய்வுகளை 2019ல் தொகுத்துப் பார்த்தார். கோபம் வரும்போது மக்கள் புருவத்தை நெரிப்பது சராசரியாக 30 சதவீதத்துக்கும் குறைவான நேரங்களில்தானாம். கோபமே இல்லாமல் நெரிப்பவர்களும் நிறைய. கவனம் கூடினால் நெரியும், வயிற்றில் வாயு இருந்தாலும் நெரியும்.

அடகு வைப்பவர்களின் சிரிப்புதான் எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது.

எங்கள் கிளைக்கு மீனவர் பகுதியான காசிமேட்டிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அது முடிவதற்குள் பள்ளிக்கூடக் கட்டணமும் வந்து நிற்கும். ஆண்டுதோறும் அந்தச் சமயத்தில் வரும் ஓர் அம்மா, கழுத்துச் சங்கிலியைக் கவுன்ட்டரிலேயே கழற்றுவார். "சும்மாதான மேடம் கெடக்குது. உங்க பெட்டியிலயாவது பத்திரமா இருக்கட்டும்" என்று சத்தமாகச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே பக்கவாட்டில், பெஞ்சில் காத்திருக்கிறவர்களை ஒரு முறை பார்ப்பார். பிறகு முந்தானையை இழுத்து வெறும் கழுத்தை மூடிக்கொள்வார்.

எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்று எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. திரையில் ஆறு முகங்களைப் போட்டார்கள்: மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு. எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டோம். சொல்லாமல் எப்படி? நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே போஸ் கொடுத்த முகங்கள் அவை. பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களின் பிற்பகுதியில் பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் இப்படிப்பட்ட படங்களைக் காட்டித்தான், இந்த முகபாவங்கள் உலகத்துக்கே பொது என்று வாதிட்டார். எந்த இடத்தில் எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு வழக்கு இருப்பதையும் அவரே எழுதியிருக்கிறார். எங்கள் கவுன்ட்டருக்கு வேண்டியது அந்தப் பகுதிதான். வகுப்பில் அதைத் தொடுவதற்குள் டீ வந்துவிட்டது.

கொரோனா காலத்தில் இந்த முகக்கணக்கு இன்னும் கலைந்தது. 2020 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை என்றிருந்த கடன் வரம்பை 90 சதவீதமாக உயர்த்தியது. 2021 மார்ச் 31 வரை அந்தச் சலுகை இருந்தது. எங்கள் கிளையில் வரிசை வாசல் வரை நின்றது. எல்லோர் முகத்திலும் மாஸ்க், தெரிவது கண் மட்டும். மனசாரச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்கும், அதை வேண்டுமென்று செய்ய முடியாது என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862லேயே எழுதினார். அப்படியானால் மாஸ்க் போட்ட சிரிப்பில் உண்மை எது, பொய் எது என்று சுலபமாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அந்தத் தசையையும் நினைத்த நேரத்தில் சுருக்கப் பலரால் முடியும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எனக்கு உதவியதெல்லாம் குரலும் கையும்தான். அந்த முந்தானை மாதிரி.

சிரிப்பு விஷயத்தில் எனக்குத் தெளிவு கொடுத்தது அமெரிக்காவில் பந்து உருட்டி விளையாடுகிறவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு. 1979ல் க்ராட், ஜான்ஸ்டன் என்ற இருவர் வெளியிட்டது. பந்தை உருட்டிக் கட்டைகளை எல்லாம் சாய்த்தவர், கட்டைகளைப் பார்த்து நிற்கும்போது அவ்வளவாகச் சிரிப்பதில்லை. திரும்பி நண்பர்களைப் பார்க்கும்போதுதான் சிரிக்கிறார். படித்ததும் எனக்கு அந்த அம்மாவின் பக்கவாட்டுப் பார்வைதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பு எனக்கானதே இல்லை. பெஞ்சில் அவர் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கிளைக்கு வெள்ளையடித்தபோது மேஜையைத் திருப்பிப் போடச் சொன்னேன். வாடிக்கையாளரின் முதுகு பெஞ்சுப் பக்கம் வந்தது, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. கடன் தொகையையும் வாயால் சொல்வதில்லை, சீட்டில் எழுதி நகர்த்திவிடுவேன். சிரிப்பு பாதியாகக் குறைந்தது. சிலர் அழுதார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இளிவு (பிறர் இகழ்வது), இழவு (இழப்பு), அசைவு (முன்பிருந்த நிலை கெடுவது), வறுமை என்று நான்கு காரணம் சொல்லியிருக்கிறது. நான்கும் அந்த நாற்காலியில் வந்து உட்காரும். எது என்று முகத்தில் எழுதியிருக்காது. "எதுக்கும்மா பணம்?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வார்கள். படிவத்தில் எப்படியும் அந்தக் கேள்வி இருப்பதால் கேட்பதில் தப்பில்லை. பதில் வரும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதனால் ஒவ்வொரு கடனுக்கும் கூடுதல் நேரம் பிடித்தது. மேனேஜர் வரிசையைப் பார்த்துவிட்டு, தடுப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டார். அவர் கவலையும் நியாயம்தான். தராசில் இருந்து தலையைத் தூக்காமலேயே, நகையை மதிப்பிடும் எங்கள் அப்ரைசர்தான் பதில் சொன்னார்.

"வேணாம் சார். முன்னாடியெல்லாம் சிரிச்சிக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடுவாங்க. இப்பதான் வட்டி எவ்வளவு, என்னிக்குள்ள திருப்பணும், ஏலத்துக்கு முன்னாடி லெட்டர் வருமான்னு உக்காந்து கேக்குறாங்க."

மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், பக்கத்து கவுன்ட்டர் கிளார்க்கை மதியம் வரை எனக்கு உதவிக்குப் போட்டுவிட்டுப் போனார்.