'நீ'ன்னு ஆரம்பிச்சா நாலு வீடு எந்திரிக்கும்

நேத்து ராத்திரி எட்டரைக்கு மொட்டை மாடியிலிருந்து சித்தப்பா குரல்: "நீ பேசினது தப்பு. உனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தியாயிடுச்சு." எதிர் மாடியில் துணி எடுத்துக்கிட்டிருந்த அக்கா, "ஏனுங்ண்ணா, நான் என்னங்க பேசினேன்?"ன்னு கேட்டுட்டாங்க. ஒம்பது மணிக்குத் தெருவே ரெண்டு கட்சி. அவர் தன்னைத்தானே திட்டிக்கிட்டார்னு சொன்னா ஈரோட்டில் ஒருத்தரும் நம்பலை. அவங்க மேல தப்பில்லை. சித்தப்பா தன்னைத் திட்டிக்கிட்டதை இதுக்கு முன்னாடி யார் கேட்டிருக்கா?

தினம் பத்து நிமிஷம் தன்னோட பேசறது நல்ல மருந்துதான், ஆனா பத்தியம் இருக்கு. முதல் மூணு நிமிஷம் வாயே திறக்கக் கூடாது. நடந்ததை வரிசையா மனசுக்குள்ள ஓட்டணும்: யார் வந்தா, யார் முதல்ல பேசினா, என்ன வார்த்தை. அப்புறம்தான் வாய். சத்தம் நம்ம காதுக்கு எட்டினா போதும். தண்ணித் தொட்டி பக்கத்துல நின்னா எதிரொலிக்கும், சித்தப்பா சரியா அங்கதான் நின்னார்.

மனசுக்குள்ளயே முடிச்சுக்கக் கூடாதான்னு கேட்டா, கூடாது. மனசு பாதி வாக்கியத்துலேயே அடுத்ததுக்குத் தாவிடும். வாய்விட்டுச் சொன்னா வினைமுற்று வரைக்கும் போயே ஆகணும், நம்ம மொழியில ஆள் மாட்டறதே அந்த விகுதியிலதான். "வார்த்தை வந்துடுச்சு"ன்னா யாரோ அனுப்பி வெச்ச மாதிரி. "சொன்னேன்"னு முடிச்சுப் பாருங்க, நெஞ்சுல குத்தும். சித்தப்பா ஒரு வாரம் முழுக்க "வந்துடுச்சு"லேயே ஓட்டினார். பால்காரப் பையன்கிட்ட "இது பாலா, டம்ளர் கழுவின தண்ணியா?"ன்னு கேட்டது அவர் இல்லையாம், தானா வந்துடுச்சாம்.

அடுத்தது, "ஏன் இப்படிப் பண்ணினேன்"ல நிக்கவே கூடாது. 'ஏன்'னு கேட்டா மனசு வக்கீல் வெச்சுக்கும். 'என்ன நடந்துச்சு, இனி என்ன செய்யணும்' போதும். ஒரே வாக்கியம் மூணாவது தடவை வந்தா அது யோசனை இல்லை, செக்கு. இறங்கி வந்து தண்ணி குடிக்கணும். அவங்க இப்படிக் கேட்டா நாம இப்படித் திருப்பிக் கொடுக்கணும்னு ஒத்திகை ஆரம்பிச்சாலும் அதே வைத்தியம். கடைசியா நாளைக்குச் செய்யற ஒரே ஒரு காரியம், அதுவும் மணியோட.

முக்கியமா, பேர் சொல்லிக் கூப்பிடணும். மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈத்தன் கிராஸ் குழு 2014இல் இதைச் சோதிச்சுப் பார்த்துச்சு. 'நான்'னு யோசிச்சவங்களைவிடத் தன் பேரைச் சொல்லி யோசிச்சவங்க மேடைப் பேச்சுப் பதற்றத்தை நல்லாவே சமாளிச்சாங்க. தூர நின்னு இன்னொருத்தரைப் பார்க்கிற பார்வை வந்துடுதாம். குறள்ல 125ஆவது அதிகாரம் முழுக்க ஒருத்தி 'நெஞ்சே'ன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசறாளே, அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

சித்தப்பாவுக்குப் பேர்தான் தகராறு. 'குப்புசாமி'ன்னா ரேஷன் கடையில கூப்பிடற மாதிரி இருக்காம். சரின்னு ஆரம்பிச்சாலும், "குப்புசாமி அப்படிச் சொன்னாரு"ங்கிறார். தனக்குத்தானே மரியாதை! 'சொன்னான்' வாய்ல வரவே மாட்டேங்குது. அதான் நேத்து 'நீ'க்குத் தாவி, தெருவே கூடிடுச்சு.

இன்னிக்குச் சாயங்காலம் எல்லாம் சரியா நடந்துச்சு. தொட்டியை விட்டுத் தள்ளி நின்னு, மூணு நிமிஷம் மௌனம், அளவான குரல்.

"ஏனுங்க, சின்னப் பையன்கிட்ட அப்படியாங்க பேசுவீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பேசிட்டேன். தப்புதான்."

"காலையில ஆறு மணிக்கு வருவான்ல. நீங்களே போய்ப் பால் வாங்குங்க."

"சரி."

அந்த வீட்டில் சித்தியோட 'ஏனுங்க' கேட்டு மூணு வருஷமாச்சு. எதிர் மாடி அக்கா துணியைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. இன்னிக்கு அவங்க ஒண்ணும் கேக்கலை.