துறைத்தலைவர் முதலில் கேட்கவேண்டியது ஒரு பொதுப் பீரியட்

துறைத்தலைவர், வகுப்பு ஒருங்கிணைப்பாளர், ஹெச்.ஓ.டி., கோஆர்டினேட்டர்: பெயர் பள்ளிக்குப் பள்ளி மாறும். நிற்கிற இடம் ஒன்றுதான். தலைமையாசிரியருக்குக் கீழே, சக ஆசிரியர்களுக்கு அரைப் படி மேலே. தானும் தினமும் வகுப்பெடுக்க வேண்டும். இவர்களிடம் வந்து குவிவது பெரும்பாலும் எழுத்தர் வேலை. பாடக்குறிப்பு நோட்டில் கையெழுத்து, மதிப்பெண் பட்டியல் தொகுப்பது, லீவு போட்டவருக்குப் பதில் ஆள் போடுவது, சுற்றறிக்கையை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது. யாராவது செய்தாகவேண்டிய வேலைகள்தான். ஆனால் ஒரே பாடம் நடத்துகிற ஆசிரியர்களைச் சேர்த்து உட்காரவைத்து, பிள்ளைகள் எழுதியதைப் படிக்கவைப்பதுதான் இந்தப் பொறுப்பின் உயிர். படிவங்கள் முதலில் விழுங்குவதும் அதைத்தான். அதற்கு முதல் தேவை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பில்லாத ஒரு பாடவேளை, அதாவது ஒரு பொதுப் பீரியட்.

விடைத்தாள் திருத்தத்திலிருந்து தொடங்கலாம். தேர்வு முடிந்ததும், யாரும் திருத்த ஆரம்பிக்கும் முன்பே, 6 விடைத்தாள்களை எடுத்துப் பெயரை மறைத்து நகலெடுங்கள்: நன்றாக எழுதியவை 2, சுமார் 2, தடுமாறியவை 2. முழுத் தாள் வேண்டாம். 10 மதிப்பெண் நெடுவினா ஒன்று போதும். விடைக்குறிப்பை வைத்து ஒவ்வொருவரும் தனியாகத் திருத்தி, மதிப்பெண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதட்டும். பிறகு சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே விடைக்கு ஒருவர் 4, இன்னொருவர் 8 போட்டிருந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். அநேகமாகக் கோளாறு விடைக்குறிப்பில்தான் இருக்கும். ‘தகுந்த விளக்கம் – 3 மதிப்பெண்’ என்று எழுதியிருந்தால், எது தகுந்தது என்று ஆளுக்கொரு கணக்கு. அந்த வரியை அங்கேயே திருத்தி எழுதி, புதிதாக 3 தாள்களைத் திருத்திப் பார்த்தால் இடைவெளி குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு பாடவேளைக்குள் முடிகிற வேலை இது.

இந்தக் கூட்டம் ஒரே காரணத்தால் கெட்டுப்போகும்: துறைத்தலைவர் தன் மதிப்பெண்ணை முதலில் சொல்லிவிடுவது. சொன்ன மறுகணம் மற்றவர்கள் தங்கள் 8-ஐ 6 ஆக்கிக்கொள்வார்கள். அனுபவத்தில் இளையவர் முதலில் பேசவேண்டும், தலைவர் கடைசியில். திருத்தும்போது ஒரு மாணவரின் முழுத் தாளையும் முடித்து அடுத்ததுக்குப் போகாமல், எல்லாத் தாள்களிலும் ஒரே கேள்வியைத் திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது நல்லது. முதல் விடையின் அழகு அடுத்த விடைக்கும் மதிப்பெண் வாங்கித் தருவது அப்போதுதான் குறையும்.

மதிப்பெண் வந்தபின் வகுப்புச் சராசரியை வைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. சராசரி ஆசிரியர்களை வரிசைப்படுத்துமே தவிர, நாளை எதை மாற்றி நடத்துவது என்று சொல்லாது. கேள்விவாரியாகப் பாருங்கள், தவறாக எழுதியவர்கள் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய பிள்ளை கவனக்குறைவாகச் செய்யவில்லை. மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டுவது என்று ஒரு விதியை அது மனதில் வைத்திருக்கிறது. ஒரு பிரிவில் 20 பேரும் பக்கத்துப் பிரிவில் 4 பேரும் அப்படி எழுதியிருந்தால், அந்த 4 பேர் பிரிவின் ஆசிரியர் பின்னங்களை எப்படி அறிமுகப்படுத்தினார் என்று எல்லோரும் கேட்கட்டும். 20 பேர் பிரிவின் ஆசிரியரை விசாரிக்க ஆரம்பித்தால், அடுத்த முறை யாரும் உண்மையான விடைத்தாளைக் கொண்டுவர மாட்டார்கள்.

சக ஆசிரியரின் வகுப்பைப் போய்ப் பார்ப்பதும் இப்படித்தான். 30 கட்டங்கள் உள்ள படிவத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்தால் பாடம் நாடகமாகிவிடும். 15 நிமிடம் போதும். எதைப் பார்க்கப்போகிறோம் என்று முன்னாலேயே இருவரும் பேசிக்கொண்டு, அதை மட்டும் குறித்தால் போதும். உதாரணத்துக்கு, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று எண்ணலாம். 1970-களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ இதை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடி அளவே காத்திருந்தது தெரியவந்தது. அதை 3 நொடியாக்கினால் விடைகள் நீள்கின்றன, தானாக முன்வந்து பேசும் பிள்ளைகளும் கூடுகிறார்கள். பார்த்ததை அன்றைக்கே, தப்பினால் மறுநாள் பேசிவிடவேண்டும். ஒரு விஷயம் மட்டும். பிறகு துறைத்தலைவர் தன் வகுப்பைப் பார்க்க அந்த ஆசிரியரை அழைக்கவேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நியூசிலாந்துக் கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், மாணவர் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புபட்டிருந்த தலைமைச் செயல், ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தலைவரும் பங்கெடுப்பதுதான் (தாக்கம் எவ்வளவு பெரியது என்று காட்டும் ‘விளைவு அளவு’ 0.84). பெரும்பாலும் பள்ளித் தலைவர்களைப் பற்றிய ஆய்வுகள்தான் அவை; ஆனால் ஆசிரியரோடு தினமும் பழகுகிற துறைத்தலைவருக்கு அதைச் செய்வது இன்னும் எளிது.

மேலிருந்து வருகிற உத்தரவைச் சொல்லும்போது ‘மேலே சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த நிமிடமே நீங்கள் தபால்காரர் ஆகிவிடுகிறீர்கள். ஏன் என்று புரியாவிட்டால் முதலில் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். கீழிருந்து மேலே போகும் பேச்சுக்கு எண்ணிக்கை வேண்டும். ‘நேரம் போதவில்லை’ என்றால் எல்லோரும் சொல்வதுதான் என்று போய்விடும். ‘இந்தப் பருவத்துக்கு 60 பாடவேளை திட்டமிட்டோம், 14 போய்விட்டது, விடுபட்ட பாடங்கள் இவை’ என்றால் முடிவெடுக்க ஏதாவது கிடைக்கும்.

இவையெல்லாம் நடக்க வாரத்தில் ஒரு பாடவேளையாவது துறையில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் வகுப்பில்லாமல் இருக்கவேண்டும். கால அட்டவணை போட்டபின் கேட்டால் கிடைக்காது. ஒருவரை நகர்த்த பத்து வகுப்பைக் கலைக்கவேண்டியிருக்கும். போடுவதற்கு முன்பே, துறையினர் பெயர்களோடு எழுதிக் கொடுங்கள். கிடைத்தபின் அந்தப் பீரியடில் எவரையும் பதில் வகுப்புக்கு அனுப்புவதில்லை என்பதையும் அதே தாளில் எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது வாரத்திலேயே அது பறிபோகத் தொடங்கும்.