கோச் போனார், போர்ட்டல் திறந்தது

எங்கள் கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணியின் தலைமைக் கோச் 2024 ஏப்ரல் கடைசியில் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கூட்டம் போட்டுச் சொல்வதற்குள் அணியில் பாதிப் பேர் போனிலேயே செய்தியைப் படித்துவிட்டார்கள். அவர் அழுதார், நாங்களும் அழுதோம். "நல்ல ஆளாகத் தேடுவோம்" என்றார் விளையாட்டுத் துறை இயக்குநர். அவ்வளவுதான் கூட்டம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் வீராங்கனைகள் இடம்மாறும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் அந்த ஆண்டு மே 1-ஆம் தேதியோடு மூடவிருந்தது. தலைமைக் கோச் விலகினால் மட்டும் மறுநாளிலிருந்து 30 நாள் தனி அவகாசம் அப்போது இருந்தது. புதிய கோச் யார் என்று தெரிவதற்கு முன்பே இந்த நாட்கள் ஓடத் தொடங்கிவிட்டன. யாரிடம் ஆடப்போகிறோம் என்று தெரியாமலே இருப்பதா போவதா என்று முடிவெடு என்றால் என்ன நியாயம்? போர்ட்டலில் பெயர் போட்டுவிட்டால், அந்தப் பருவத்தோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்தவும் கல்லூரிக்கு உரிமை இருந்தது. பழைய கோச்சோடு போகலாம் என்று நினைத்தவர்களுக்கும் வழி அதேதான். பெயர் போர்ட்டலில் ஏறும்வரை அவர் எங்களை அழைத்துப் பேசக் கூடாது.

எனக்கு இரண்டாம் ஆண்டு முடியும் நேரம். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 40 விழுக்காடு முடிந்திருந்தால்தான் ஆட முடியும். நான் படித்த பாடங்களில் சிலவற்றைப் புதிய கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டால் அங்கே போய் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். விளையாட்டு விதிகள் சரியாகப் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியலை வைத்து இதை வரி வரியாகப் பார்த்தோம். வெளிநாட்டு மாணவி என்பதால் விசா ஆவணத்தையும் மாற்ற வேண்டும், அது தனி வேலை.

எல்லோரும் தலைமைக் கோச் யார் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால், தினமும் நம்மோடு நிற்பவர்கள் உதவிக் கோச்கள்தான். புதியவர் வரும்போது தன் ஆட்களோடுதான் வருவார். எங்கள் கார்டுகளை, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் என்னைப் போன்றவர்களை, பார்த்துக்கொண்ட உதவிக் கோச்சுக்கு வேலை நிச்சயமில்லை. ஆனாலும் மாலையில் ஜிம்முக்கு வந்து என் ஷாட்களுக்கு ரீபவுண்ட் எடுத்துக் கொடுத்தார். பெஞ்சில் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருக்கும். "இன்னும் பத்து, இடது மூலையிலிருந்து" என்பார். அப்புறம் அவரும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்.

புதிய கோச் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேசினார். கார்டுகளுக்கு யார் பயிற்சி தருவார், என் இடத்துக்குப் போர்ட்டலிலிருந்து எத்தனை பேரை எடுக்கப்போகிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். "முதல் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. இரண்டாவதற்கு, இரண்டு பேர்" என்றார். பூசி மெழுகாமல் சொன்னது பிடித்திருந்தது. 40 விழுக்காட்டுக் கணக்கும் சேர்ந்துகொள்ள, இருந்துவிட்டேன்.

கோடையில் வாரம் 8 மணி நேரப் பயிற்சிக்குத்தான் அனுமதி. அதில் கோச்களோடு மைதானத்தில் பயிற்சி செய்ய 4 மணி நேரம்தான். அதற்குள் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டும். எதிரணியில் ஒருவர் எங்கள் ஆள் ஓடும் வழியில் நின்று மறித்தால், அதாவது ஸ்க்ரீன் வைத்தால், பழைய முறையில் வளையத்தருகே ஆடும் எங்கள் சென்டர் வெளியே பாய்ந்து பந்தை மறிப்பார். புதிய முறையில் அவர் வளையத்தின் பக்கம் பின்வாங்கி நிற்பார். பந்தை வைத்திருப்பவரை நான்தான் விடாமல் துரத்த வேண்டும். செட்கள் எனப்படும் திட்டமிட்ட ஆட்டமுறைகளின் பெயர்களும் கைச் சைகைகளும் மாறிவிட்டன. மூடிய முஷ்டியைக் கண்டால் நான் மட்டும் பழைய இடத்துக்கே ஓடுவேன்.

சீசன் தொடங்கியபோது முதல் ஐவரில் நான் இல்லை, சொன்னபடி வந்த இருவரும் இருந்தார்கள். கார்டுகளுக்கான கோச்சும் வந்துசேர்ந்திருந்தார். இதே நிலையில் இருப்பவர்கள் நாள் கணக்கை மட்டும் கம்ப்ளையன்ஸில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த விதியை அடிக்கடி மாற்றுகிறார்கள்.