பூச்சந்தைக் கணக்கும் தரவுத்தளத் தேர்வும்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்தபோது, தரவைத் தனித்தனி ஆவணங்களாகச் சேமிக்கும் மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். புதிதாகக் கற்றிருந்த ஆர்வத்தைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. மல்லிகையை எடைபோட்டு விற்றதும், கமிஷனையும் விவசாயி முன்பு வாங்கிய முன்பணத்தில் ஒரு பகுதியையும் பிடித்துக்கொண்டு, மீதியைக் கையில் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். என் நிரலோ சிட்டையை ஓர் ஆவணத்திலும் முன்பணப் பாக்கியை இன்னோர் ஆவணத்திலும் அடுத்தடுத்துப் பதிந்தது. ஒருநாள் அதிகாலையில் அந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவே மின்சாரம் போய்விட்டது. சிட்டையில் 2,000 ரூபாய் பிடித்தாயிற்று; பாக்கி குறையவில்லை. அடுத்த வாரம் அந்த விவசாயி நான்காக மடித்திருந்த சிட்டையைப் பிரித்துக் கல்லாவின் மேல் வைத்தபோது, கடைக்கார அண்ணாச்சி என்னைத்தான் பார்த்தார்.

குறை மோங்கோடிபியுடையதன்று. 2018இல் வந்த 4.0 பதிப்பு முதல் பல ஆவணங்களை ஒரே பரிவர்த்தனையாக அதில் எழுத முடியும். ஆனால் சர்வரை ரெப்ளிகா செட்டாக, அதாவது தரவின் நகல்களை வைத்துக்கொள்ளும் சர்வர் குழுவாக, அமைத்திருக்க வேண்டும், கடையின் ஒற்றைக் கணினியில் நான் அதைச் செய்திருக்கவில்லை. பற்றும் வரவும் ஒன்றாக நிற்க வேண்டிய இடத்தில் போஸ்ட்கிரெஸ் போன்ற, தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளமே எனக்கு நிம்மதி தருகிறது: இரண்டு பதிவுகளும் சேர்ந்து ஏறும், இல்லையேல் இரண்டும் ஏறாது.

சுங்குடிச் சேலைக் கடையின் தேவை வேறு. ஒரு சேலைக்கு முடிச்சு வகை, இன்னொன்றுக்குக் கரையின் அகலம், ரெடிமேடுக்கு அளவு என்று சரக்குக்குச் சரக்கு விவரங்கள் மாறுவதால் ஆவணத் தரவுத்தளம் அங்கே இயல்பாகப் பொருந்தும். ஆனாலும் போஸ்ட்கிரெஸில் மாறும் விவரங்களை ஆவணம்போலவே சேமிக்கும் ஜேசான்பி வசதி 2014 முதலே இருப்பதால், பில்லுக்கு ஒன்று, சரக்குப் பட்டியலுக்கு ஒன்று என இரண்டு தரவுத்தளங்களைப் பராமரிக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று கிளைகளுக்கு, பல சர்வர்களில் பரவி ஓடும் கசாண்ட்ரா தரவுத்தளம் வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார், வேண்டாம்.

உசிலம்பட்டிப் பக்கம் பூ வாங்கிச் சேர்க்கும் இடத்தில் ஒரே மடிக்கணினி, ஒருவர்தான் பதிகிறார், இணையம் வந்து வந்து போகும். அங்கே தனி சர்வர் தேவைப்படாத எஸ்க்யூலைட் தரவுத்தளம் போதும். முழுக் கணக்கும் ஒரே கோப்பு. பதிவு நடக்கையில் கோப்பை அப்படியே நகலெடுத்தால் கணக்கு சிதைந்துபோகக்கூடும் என்பதால், அதற்கென உள்ள பேக்கப் கட்டளை இரவு 9 மணிக்குத் தானாக ஓடும்படி வைத்திருக்கிறேன்.