ரேட்டிங்கைத் தாண்டி ஒரு மிடில் ஸ்கூல்

சென்னையிலிருந்து கலிபோர்னியாவுக்கு மாறியபோது மகள் ஆறாம் வகுப்பு, அதாவது ஆறு முதல் எட்டு வரையான மிடில் ஸ்கூல். இங்கே வீட்டு முகவரிதான் அரசுப் பள்ளியைத் தீர்மானிக்கும் என்பதால், வாடகை பேசும் முன்பே பள்ளியை அலச வேண்டியிருந்தது. "இணையத்துல பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை ரேட்டிங்னு பாருங்க, போதும்" என்றார்கள் நண்பர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மாநிலத் தேர்வு முடிவுகளையே திறந்து உட்கார்ந்தேன்.

மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் ஆங்கிலமும் கணிதமும் தேர்வு. முடிவு நான்கு படிநிலைகளில். மொத்தச் சதவீதத்தில் ஒரு பள்ளி நன்றாகவே முந்தியிருந்தது. ஆனால் பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், 'சுமார்' என்று சொல்லப்பட்ட இரண்டாவது பள்ளிதான் மேலே. வசதியில்லாத பிள்ளைகள் அங்கே அதிகம். அதனால்தான் மொத்தக் கணக்கு இறங்கித் தெரிந்தது. இந்தப் பிரிவில் இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதியுள்ளவர்கள் மட்டுமல்ல, பெற்றோர் இருவருமே பள்ளிப் படிப்பை முடிக்காத பிள்ளைகளும் வருவார்கள்.

அப்புறம் ஒரே தொகுதிப் பிள்ளைகளின் முடிவுகளை ஆண்டுவாரியாகப் பார்த்தேன்: 2022-ல் ஆறாம் வகுப்பு, 2023-ல் ஏழு, 2024-ல் எட்டு. இரண்டாவது பள்ளியில் கணிதம் படிப்படியாக ஏறியிருந்தது. சிறிய குழுக்களுக்கு முடிவுக்குப் பதில் வெறும் நட்சத்திரக் குறிதான். பத்து பேர் அல்லது அதற்கும் குறைவு என்றால் அடையாளம் தெரிந்துவிடும் என்று மறைத்துவிடுகிறார்கள். சரி, அதை விட்டுவிட்டேன்.

அந்தப் பள்ளி எல்லைக்குள்ளேயே வீடு பிடித்தோம். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி கேட்டார்கள். "இங்கிலீஷ்னு போட்டுடுங்க, தொல்லை இல்லை" என்று ஒருவர் சொன்னார். தமிழ் என்றே எழுதினோம். அதற்காக எல்பாக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு. சேர்ந்த 30 நாளுக்குள் வைத்துவிட வேண்டும் என்பது விதி. மகள் தேறிவிட்டாள், தனி ஆங்கில வகுப்பு தேவைப்படவில்லை. தேர்வு முடிவுப் பட்டியலில் 'ஆங்கிலம் கற்போர்' என்ற வரிசையில் மதிப்பெண் எப்போதும் தாழ்ந்தே இருப்பதன் காரணமும் அப்போதுதான் பிடிபட்டது: ஆங்கிலம் கைவந்தவர்களை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா என்ற மேல்நிலைக் கணித வகுப்பு யாருக்குக் கிடைக்கும் என்பது மட்டும் இந்தப் பட்டியல்களில் அகப்படவில்லை. பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டுத்தான் கேட்டோம்.