கோழி கூப்பிடுகிற சுருதி

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு சின்னம்மாவின் விறாந்தைக்கு வந்தார். எட்டு வயதுப் பிள்ளை. தாய்தான் முந்திக்கொண்டு சொன்னார்: "இவளுக்குப் பாட்டு வராது ரீச்சர். சும்மா பின்னுக்கு நிக்கட்டும், பிள்ளையளோட சேர்ந்து பழகினாக் காணும்." பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி நின்றது.

சின்னம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. பிள்ளையைத் தன் பக்கத்தில் வாங்கில் இருத்தி, வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். கோழியாம். "எப்பிடிக் கூப்பிடுவாய்? ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டு பாப்பம்." பிள்ளை கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுவிட்டு "பா பா பா பா" என்றது. சின்னம்மா சுருதிப்பெட்டியில் ஒரு துளையை மூடி இன்னொன்றைத் திறந்து துருத்தியை அமர்த்தினார். பிள்ளையின் வாயிலிருந்து வந்த அதே சுரம் பெட்டியிலிருந்தும் வந்தது.

"இஞ்ச பார், உன்ர சத்தம் இதுக்குள்ள இருக்கு. இன்னொருக்காக் கூப்பிடு."

இந்த முறை இரண்டு சத்தமும் ஒட்டிக்கொண்டன. பிள்ளை தலையைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தது.

நான் மூலையில் இருந்து வரவுக் கொப்பியில் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். எழுத்து மங்கிவிட்டது. இதே வேலையை எனக்கும் செய்தவர் அவர்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு விழாவுக்குப் பாட்டுப் பழக்கிய ஒருவர் எல்லோருக்கும் முன்னால் என்னிடம், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது" என்றார். நான் அப்படியே செய்தேன். மேடையில் நின்று சத்தமில்லாமல் வாயசைத்த அந்த ஐந்து நிமிடம் இன்றைக்கும் தொண்டைக்குள் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து படிக்கிற காலம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சின்னம்மா தானாகவே விசாரித்தார். கேட்டு முடித்ததும் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், கொல்லைப்பக்கம் நின்ற அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். நான் "அம்மா" என்று கூப்பிட்ட சுருதியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ பிழையாப் பாடேல்லை. நீ நிக்கிறது 2 கட்டையில. அவை 5 கட்டையில நிண்டு உன்னைக் கூப்பிட்டிருக்கினம். தூரம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

கட்டை என்பது சுருதியின் உயரம், எண் கூடக் கூடச் சுருதி மேலே போகும். அதன் பிறகு 2 கட்டையில் ஒரு வாரம் வெறும் ச மட்டும். அடுத்த வாரம் இரண்டரை. அதற்கடுத்த வாரம் மூன்று. மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசை தொடங்க இரண்டு மாதம் ஆயிற்று. 5 கட்டையில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து நின்ற நாளில் அவர் என்னைப் பாராட்டவில்லை, மற்றவர்களைப் பார்த்த மாதிரியே என்னையும் பார்த்தார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

காது கெட்ட பிள்ளை என்று ஆயிரத்தில் ஒன்றைக்கூடத் தான் காணவில்லை என்பார். சுருதி சேராத பிள்ளைகளில் அநேகம் பேர் கதைக்கிற குரலிலேயே பாடப் பார்க்கிறவர்கள். மேலே இன்னொரு குரல் தனக்கு இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே முதலில் ரீச்சர் பிள்ளை நிற்கிற இடத்துக்குப் போகவேண்டும், பிறகு கையைப் பிடித்துக் கூட்டிவரவேண்டும்.

சின்னம்மா படித்தது மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில், அது 1975இல் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைவதற்கு முன்பு. 34 வருடம் பள்ளிக்கூடங்களில் சங்கீத ரீச்சர். ஓய்வு பெற்றும் சனி, ஞாயிறு விறாந்தை ஓயவில்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் சோதனைக்குப் போக விரும்புகிற பிள்ளைகளைத் தனியாக ஆயத்தப்படுத்துவார். விறாந்தையில் சேர்ந்து பாடுகிற குழுவுக்கு மட்டும் சோதனையும் இல்லை, தெரிவும் இல்லை. படலையைத் திறந்து வந்த பிள்ளை பாடும்.

வீட்டில் ஆர்மோனியம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் அதன்மேல் சாய்ந்துவிடும் என்று நாலு வரி வாசித்துக் காட்டிவிட்டு மூடிவிடுவார். கட்டைக்குக் கட்டை நின்று போகிற வாத்தியத்தில், சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் எங்கே வரும் என்பது அவர் கேள்வி. அகில இந்திய வானொலியே 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை உள்ளே விடவில்லை என்பதை இதற்குச் சாட்சியாக இழுப்பார். அந்தத் தடை எனக்குச் சரியாகப் படவில்லை, அவரிடமும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் விஷயத்தில் அவர் செய்வது சரி.

யுத்தத்தால் யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு ஆர்மோனியம் வீட்டிலேயே கிடந்தது. சுருதிப்பெட்டியைச் சேலையில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். செம்மணியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரை சனம், மேலே மழை. ஒரு அடி வைத்தால் அரைமணி நேரம் நிற்கவேண்டும். மீசாலையில் ஒரு சொந்தக்காரர் வளவுக்குப் போய்ச் சேர்ந்து சேலையை அவிழ்த்துப் பார்த்தால், மரம் ஊதி, துருத்தித் தோல் விட்டுப்போயிருந்தது. அன்றைக்குத்தான் அவர் அழுததை நான் பார்த்தேன்.

ஒரு கிழமை போனது. அந்த வளவிலும் பக்கத்து வளவுகளிலும் தங்கியிருந்த பிள்ளைகளை மாமரத்தடிக்குக் கூப்பிட்டார். சுருதி இல்லை. பெரிய பிள்ளைகள் ஆறு பேரைத் தெரிந்து, மூன்று பேரை ச பிடிக்கச் சொன்னார், மூன்று பேரைப் ப. "நீங்கள்தான் இனிப் பெட்டி. எல்லாரும் ஒரே இடத்தில மூச்சு எடுக்கப்படாது, பக்கத்தில நிக்கிறவள் பிடிச்சிருக்கேக்க நீ எடு." நான் ப. ச பிடித்தவளும் நானும் கைகோத்து நின்று, மூச்சு எடுக்கிறபோது ஒருவர் கையை ஒருவர் அமத்துவோம். சின்னப்பிள்ளைகள் அதன்மேல் நட்டபாடைப் பண்ணில் தேவாரம் பாடினார்கள். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். ஒரு அப்பு மட்டும் தூரத்தில் மண்மூட்டையில் இருந்தபடி கையால் தாளம் போட்டார்.

அடுத்த வருடம் ஊர் திரும்பினோம். பெட்டிக்குத் தோல் மாற்றியாயிற்று. ஆனாலும் பாடல் தொடங்குவதற்கு முன் ஆறு பேர் பெட்டியாக நிற்கிற பழக்கம் நின்றுபோகவில்லை. பாட்டுக் கடதாசியும் அவர் கொடுப்பதில்லை. கொப்பிக்கே தட்டுப்பாடான காலத்தில் மனப்பாடம் பண்ணிப் பழகியது, இப்போது போட்டோக்கொப்பி வந்த பிறகும் அப்படியே. கடதாசியைப் பார்க்கிற பிள்ளை என் முகத்தைப் பார்க்காது என்பார்.

பள்ளிக்கூடங்களுக்கான தமிழ்த்தினப் போட்டியின் குழு இசைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கும். மற்றவர்கள் குரல் பார்த்துப் பொறுக்குவார்கள். சின்னம்மா முறை வைத்து அனுப்புவார், இந்த வருடம் போனவர் அடுத்த வருடம் போகமாட்டார். இதனால் அவர் படிப்பித்த இடங்களில் பேச்சு வாங்கியிருக்கிறார். வலயப் போட்டியோடு திரும்பி வந்த வருடங்கள் உண்டு. மாகாணம் வரை போன வருடங்களும் உண்டு. குரல் உடைகிற வயதுப் பெடியன்களையும் அவர் வெளியே விடுவதில்லை. கீழ் ஸ்தாயியில் ச பிடிக்க அவர்களைவிட யார் இருக்கிறார்கள்?

இப்போது அவருக்கு 74 வயது. மேல் ச எட்டுவதில்லை. அந்த இடத்தில் கையை உயர்த்திக் காட்டுகிறார், பிள்ளைகள் எடுக்கிறார்கள்.

கோழி வளர்க்கிற பிள்ளை மூன்று கட்டைக்கு வந்துவிட்டாள். இந்தக் கிழமை திருவிழாவுக்குப் பஞ்சபுராணம் பழகுகிறோம். அதில் அவளுக்குத் திருப்பல்லாண்டுதான் பிடித்திருக்கிறது. புதுப்பிள்ளைக்குத் துணையாக நானும் வரிசையில் நிற்கிறேன். மூச்சுக்கு நாங்கள் இரண்டு பேரும் சோடி. அவள் எடுக்கும்போது என் விரலை அமத்துகிறாள், நான் பிடித்துக்கொள்கிறேன்.