நாலு எண்ணும் குரல்: ரமோன்ஸ் கேட்ட நாட்கள்

மார்ச் 4

அமெரிக்க பங்க் ராக் குழுவான ரமோன்ஸை முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். 1976-இல் வந்தது. 14 பாட்டு, அரைமணி நேரம்கூட இல்லை. 1974-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் குழு கூடியபோது டிரம்ஸ் வாசித்தவர் ஜோயி. அவர் பாட வந்ததும் டிரம்ஸுக்கு ஆள் தேடினார்கள். வந்தவர்கள் எல்லாரும் தேவைக்கு மேல் வாசித்தார்கள். நிர்வாகம் பார்க்க வந்த டாமி, எப்படி வாசித்தால் போதும் என்று காட்ட உட்கார்ந்தார். அந்த இடம் அவருடையதாகிவிட்டது.

மார்ச் 6

குழுவில் கிதார் வாசித்த ஜானி மாதிரி வாசித்துப் பார்த்தேன். ஒவ்வோர் அடியும் கீழ்நோக்கித்தான். கை மேலே வரும்போது தந்தியில் படக்கூடாது. இரண்டாவது பாட்டு முடியுமுன் முன்கை எரிந்தது, மணிக்கட்டு இறுகிவிட்டது. அவர் இதை 22 ஆண்டு செய்தார். ஆள் மாறினாலும் சத்தம் மாறாததற்கு இந்தக் கைதான் காரணம் என்று தோன்றியது.

மார்ச் 9

1978-இல் டாமி ஓயாத பயணம் தாங்காமல் விலக, டிரம்ஸுக்கு மார்க்கி வந்தார். 1983-இல் குடிப்பழக்கத்தால் மார்க்கி வெளியேற்றப்பட்டார், அப்புறம் ரிச்சி. 1987-இல் ரிச்சியும் போக, ப்ளாண்டி குழுவின் க்ளெம் பர்க் எல்விஸ் என்ற பெயரில் இரண்டே நிகழ்ச்சி வாசித்தார். பிறகு குடியை விட்ட மார்க்கி மறுபடி. ரிச்சியைப் பற்றி அதிகம் பேசாதது எனக்கு வருத்தம்தான். பாட்டும் எழுதினார், பாடவும் செய்தார்.

மாறாமல் இருந்தவர்கள் ஜோயியும் ஜானியும். ஜோயியின் காதலி பின்னாளில் ஜானியின் மனைவியானார். பல ஆண்டுகள் இருவரும் பேசிக்கொண்டதே அபூர்வம், ஆனாலும் ஒரே வேனில் போனார்கள்.

மார்ச் 12

1989-இல் பேஸ் கிதார் வாசித்த டீ டீயும் விலகினார். அவர் இடத்துக்கு வந்த சி.ஜே. அவரைவிட 14 வயது இளையவர். போன பிறகும் டீ டீ குழுவுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதையும் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 13

இன்று இரண்டு மேடைப் பதிவுகள். 1977 டிசம்பர் 31, லண்டன்: ஒரு பாட்டின் கடைசி ஒலி அடங்குமுன் டீ டீ "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று கத்துகிறார், அடுத்தது இடியாக விழுகிறது. இப்படியே 28 பாட்டு. அடுத்து 1991, பார்சிலோனா. வேகம் இன்னும் கூடியிருக்கிறது. இப்போது எண்ணுவது சி.ஜே. குரல் வேறு, அவசரம் அதேதான். நான்காவது எண்ணின் வாலைப் பிடித்துக்கொண்டு ஜானியின் கை இறங்குகிறது. மார்ச் 6-இல் எழுதியது பாதிதான் சரி.

நாளைக்கு 1996 ஆகஸ்ட் 6, லாஸ் ஏஞ்சலஸ். 2,263-ஆவது நிகழ்ச்சி, கடைசியும் அதுதான். டீ டீ விருந்தாளியாக மேடையேறிய இரவு.